எடை குறைந்த பிறகு

மாரடைப்பு வந்து பிழைத்தவன் என்று தெரிந்ததும் என்னிடம் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை கிலோ குறைத்தீர்கள் என்றுதான். கேட்பவருக்கு அநேகமாக என்னுடைய பழைய வயிறு மாதிரி ஒரு வயிறு இருக்கும். எனக்கு எடை குறைந்தது உண்மை. ஆனால் அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தபோது, என் முயற்சி எதுவும் இல்லாமல் தானாகக் குறைந்தது. நான் நிஜமான சீக்காளி ஆனது அதற்கு அப்புறம்தான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எளாவூர் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், கல்கத்தா ரோட்டோரம் இருக்கும் ஒரு எடைமேடையில் எனக்கு வேலை. லாரி மேடைமேல் ஏறி நிற்கும். நான் பக்கத்து அறையில் ஸ்டூலில் உட்கார்ந்தபடி தண்டின்மேல் குண்டை நகர்த்துவேன். தண்டு சமமாக நின்றதும் எடையைப் படித்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன். மாசிலாமணி சீட்டு என்றால் செக்போஸ்ட்டில் மறுபேச்சு இல்லை என்று டிரைவர்கள் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதைவிடப் பெரிய பெருமை, உட்கார்ந்திருப்பது. என் அப்பா காலம் வரை எங்கள் குடும்பம் அடுத்தவர் கழனியில் குனிந்து நாற்று நட்டது, தலையில் நெற்கட்டு சுமந்தது. எங்கள் வகையறாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். உடம்பு நோகாமல் இருப்பதுதான் முன்னேற்றம் என்று நினைத்தேன். மதியம் கறிச்சோறு, நடுநடுவே டிரைவர்கள் வாங்கித் தரும் போண்டா, டீ. கிலோ தொண்ணூறைத் தாண்டியது. தொந்தி விழுந்ததைக்கூட என் மனைவி எஸ்தர் நல்ல சேதியாகத்தான் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வெயில் காலம். எனக்கு வயது நாற்பத்து நான்கு. குண்டூரிலிருந்து மிளகாய் மூட்டை ஏற்றிவந்த லாரி மேடைமேல் நின்றது. குண்டை நகர்த்தக் கையை நீட்டினேன். கை பாதியில் நின்றுவிட்டது. நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவது போல இருந்தது. வலி தாடைக்கு ஏறியது, இடது கைக்கு இறங்கியது. சட்டை பிழிகிற அளவுக்கு வேர்த்தது. வாயு என்று நினைத்து ஒரு சோடா வாங்கி வரச் சொன்னேன்.

சீட்டு வாங்க வந்த டிரைவர் நெல்லூர்க்காரர். என் முகத்தைப் பார்த்தவர் சோடாவுக்குப் போக இருந்த ஆளைத் தடுத்துவிட்டார்.

"இது சோடாவுக்குப் போற நோவு இல்ல நைனா. எங்க மாமாவுக்கு இதே மாதிரிதான் வந்திச்சி. வண்டில ஏறு" என்றார்.

"லோடு இருக்கே" என்றேன்.

"மொளகா எங்கியும் ஓடாது."

அவரும் கிளீனரும் என்னைத் தூக்கி முன்சீட்டில் போட்டார்கள். பொன்னேரி ஆஸ்பத்திரி வரை அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அங்கே ஒரு ஊசி போட்டு, ஆம்புலன்சில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த டிரைவரின் பெயரை அன்று நான் கேட்கவில்லை. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெங்கடேசுலு.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் இ.சி.ஜி. எடுத்தார்கள். கை கால்களிலும் மார்பிலும் ஈரப் பசை தடவி, உலோகத் தகடுகளை ஒட்டி, வயர் மாட்டினார்கள். இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் உண்டாகும் சின்ன மின்சாரத்தை ஒரு ஊசி நீளமான காகிதத்தில் கோடாகக் கிழித்துக்கொண்டே போகும். எனக்கு அது கோழி கிளறிய மண் மாதிரி தெரிந்தது. வார்டு டாக்டரம்மா அதைக் கையில் பிடித்துப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் வார்டில் எல்லோரும் அவருக்குப் பயப்படுவார்கள்.

"ஹார்ட் அட்டாக்தான். அசையக் கூடாது. பக்கத்துல இருக்கற தண்ணியக்கூட நீங்களா எடுக்கக் கூடாது" என்றார்.

அந்தக் காலத்தில் அதற்கு வைத்தியம் முக்கியமாக அதுதான். வலிக்கு ஊசி, ரத்தம் உறையாமல் இருக்க ஊசி, மூக்கில் ஆக்சிஜன், மற்றபடி அசையாமல் படுத்திருப்பது. சாப்பாடு, பல் தேய்ப்பது, வெளிக்குப் போவது எல்லாமே கட்டிலில். முகச் சவரம்கூட ஆஸ்பத்திரி ஆள் வந்து செய்துவிட்டுப் போவார். உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத வேகவைத்த காய். எஸ்தர் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். அவளுடைய தம்பி ஜேம்ஸ் காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து பாசஞ்சர் ரயில் பிடித்து அவளுக்குச் சாப்பாடு கொண்டுவருவான். எஞ்சின் கரி அவன் சட்டைக் காலரில் படிந்திருக்கும். தூக்குச் சட்டியைத் திறக்கும்போது மூடியை என் பக்கம் மறைத்துப் பிடித்துக்கொள்வான். கருவாட்டுக் குழம்பு வாசனை எனக்குப் படக் கூடாது என்று. வாசனையை மூடியால் மறைக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் சொல்ல மனம் வரவில்லை.

ராத்திரிகள்தான் மோசம். வார்டில் யாராவது ஒருவருக்கு இழுப்பு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். திடீரென்று அது நிற்கும். நின்றது தூக்கத்தினாலா, வேறு எதனாலா என்று தெரியாது. என் கையை நானே பிடித்து நாடி பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். கீழே இருந்து எஸ்தர், "முழிச்சிக்கினு இருக்கீங்களா?" என்று கேட்பாள். அப்படியானால் அவளும் தூங்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் பள்ளிப்பட்டைச் சேர்ந்த வெல்ல மண்டிக்காரர் ஒருவர் இருந்தார். சுப்பராயலு என்று பெயர். அவருக்கும் மாரடைப்புதான். ஆனால் மனிதர் விறகுக் குச்சி மாதிரி இருப்பார். படுத்திருந்தால் போர்வைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும். தினமும் என் வயிற்றையும் தன் வயிற்றையும் பார்த்து அலுத்துக்கொள்வார். ஒரு நாள் டாக்டரம்மா வந்தபோது கேட்டேவிட்டார்.

"அம்மா, இவருக்குக் குண்டு ஒடம்பு, வந்திச்சி, சரி. எனக்கு ஏம்மா வந்திச்சி? நான் துன்றதே ஒரு புடி சோறு."

"நீங்க நாளெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"கல்லாவுல குந்திக்கினு இருப்பேன்."

"பீடி?"

அவர் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா என் கட்டிலின் விளிம்பில் சாய்ந்துகொண்டு எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். இதயம் ஒரு தசை. உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்பும் அந்தத் தசைக்கும் தனியாக ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் குழாய்களில் ஒன்று அடைத்துக்கொண்டால், அது பாய்கிற பகுதி தண்ணீர் வராத கழனி மாதிரி காய்ந்துவிடும். அதுதான் மாரடைப்பு. காய்ந்த இடம் தழும்பாகிவிடும், திரும்ப வராது. ஆனால் மீதித் தசைக்கு ஒழுங்காக வேலை கொடுத்துக்கொண்டே வந்தால் அது பலப்படும், பக்கத்துச் சிறு குழாய்களும் கொஞ்சம் அகலமாகும்.

"உடம்பு பருமனா இருந்தா அதுக்குப் பளு ஜாஸ்தி. அதனால இவர் எடை குறைக்கணும். ஆனா குறைச்சா மட்டும் தசை பலமாயிடாது. உங்க ரெண்டு பேருக்கும் அது தனி வேலை" என்றார்.

இதில் நான் காதில் வாங்கியது எடை குறைக்கணும் என்பதை மட்டும்தான். எடை எனக்குத் தெரிந்த விஷயம். எழுபத்தைந்துக்கு வர வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தார். அந்த எண்ணை நான் பிடித்துக்கொண்டேன்.

சுப்பராயலு எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனார். போகும்போது தன் வெல்லத்தை எனக்கு அனுப்ப முடியாதே என்று வருத்தப்பட்டார். பல வாரங்கள் கழித்து என்னையும் அனுப்பினார்கள். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, எஸ்தர் ஊக்கு குத்திவிட்டாள். கஞ்சியும் படுக்கையும் என்னைக் கரைத்திருந்தன. வீட்டில் அவள் என்னை ஒரு கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்துக்கொண்டாள். குளிக்கத் தண்ணீர் அவளே இறைத்து, அவளே தூக்கிவந்து, அவளே ஊற்றினாள். நான் குனிந்து செருப்பை எடுத்தால் ஓடி வருவாள்.

"ஒங்கப்பா ஒழைச்சி ஒழைச்சிதான் செத்தாரு. நீங்க உக்காருங்க" என்பாள்.

நான் உட்கார்ந்தேன். மாசக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எடைமேடை முதலாளி வேலையை எனக்காக வைத்திருந்தார். திரும்பிப் போனபோது அங்கேயும் ஸ்டூல். முதல் நாளே அரிசி எடை போடும் தராசில் ஏறி நின்று பார்த்தேன். எழுபத்து நான்கு. டாக்டரம்மா கேட்டதைவிட ஒன்று குறைவு. பரீட்சையில் பாஸாகிவிட்டேன் என்று டிரைவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் மறுபரிசோதனைக்குப் பட்டணம் கிளம்பினோம். ஸ்டேஷனில் மறு பிளாட்பாரத்துக்குப் போக மேம்பாலம் ஏற வேண்டும். பாதிப் படியில் மூச்சு நின்றுபோனது போல ஆகிவிட்டது. நெஞ்சு வலிக்கவில்லை. கால்தான் துணி மாதிரி மடங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மீன்கூடை வைத்த பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். அதில் ஒருத்திக்கு என் அம்மா வயது இருக்கும். கீழே ரயில் வந்தது, போயும் விட்டது. எஸ்தர் என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அடுத்த வண்டியில் போய் டாக்டரம்மாவைப் பார்த்தோம். எடை பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு, "வாங்க, என் கூட மாடிக்கு வாங்க" என்று நடந்தார். முதல் வளைவில் நான் நின்றுவிட்டேன். அவர் என் நாடியைப் பிடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எடை போயிடுச்சு, சரி. உடம்பு எங்க போச்சு?" என்றார். "படுத்தே இருந்தா கொழுப்பு மட்டுமா கரையும்? தசையும் சேர்ந்துதான் போகும். நீங்க இறக்கி வெச்சதுல பாதி உங்க சொந்தச் சரக்கு. தினமும் நடங்க. முதல்ல கொஞ்சம், போகப் போக ஜாஸ்தி."

எனக்கு அழுகை வந்தது. பாஸ் என்று நினைத்த பரீட்சை வேறு பரீட்சையாக இருந்தது.

சரி, நடக்கலாம் என்று மறுநாள் காலையில் கிளம்பினேன். நடப்பது கஷ்டமில்லை, பதில் சொல்வதுதான் கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் காரியமில்லாமல் யாரும் நடப்பதில்லை. டீக்கடையில் ஒருவர், "இன்னா மாசிலாமணி, எங்க இவ்ளோ காலைல?" என்றார். சும்மா என்றேன். "சும்மான்னா?" என்றார். அதற்குமேல் என்ன சொல்வது? போன வழியே திரும்பி வந்தபோது அவரே, "அதுக்குள்ள வந்துட்டியே, ஆள் இல்லியா?" என்றார். எந்த ஆள் என்று எனக்கும் தெரியவில்லை. மறுநாள் கையில் ஒரு பை எடுத்துப் போனேன். காலிப் பையோடு போய்க் காலிப் பையோடு வந்ததைப் பார்த்தவர்கள், கடன் கேட்டுக் கிடைக்காமல் திரும்பினேன் என்று பேசிக்கொண்டார்கள். எஸ்தருக்கு அது பேஜாராகப் போய்விட்டது.

இதெல்லாம் சாக்கு என்று இப்போது தெரிகிறது. உண்மையான காரணம், அந்த நடையில் எனக்கு ஒன்றுமே இல்லை. எடை ஏற்கெனவே இறங்கிவிட்டது. இன்னும் எதற்கு நடக்க வேண்டும்? சாகாமல் இருக்க என்று சொல்லலாம். ஆனால் தினமும் காலையில் எழுந்து சாவை நினைத்துக்கொண்டு செருப்பு மாட்ட யாராலும் முடியாது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் நிறுத்திவிட்டேன். மழை விட்ட பிறகும் தொடங்கவில்லை.

அந்த மார்கழியில்தான் ஏழுமலை வந்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் ஃபிட்டர். எங்கள் ஊர்ப் பையன்கள் சிலரும் அவனும் சேர்ந்து ஒரு கபடி டீம் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில், பழவேற்காடு ஏரிக் குப்பத்துப் பையன்களோடு ஆடுவார்கள். ஆட்டம் பாதியில் அடிதடியாகி முடியும். பாடிப் போனவன் மூச்சு விட்டானா விடவில்லையா என்பதுதான் எப்போதும் தகராறு. கபடி கபடி என்ற பாட்டு அறுந்தால் அவன் அவுட். குப்பத்துக்காரர்கள் அறுந்தது என்பார்கள், இவர்கள் அறுக்கவில்லை என்பார்கள்.

"நீங்க வந்து சொல்லுங்கணா" என்றான் ஏழுமலை.

"எனக்குக் கபடியப் பத்தி இன்னாடா தெரியும்?"

"ஆட்டம் நாங்க சொல்லித் தர்றோம். எடைமேடைல நீங்க யாருக்கும் ஒரு கிலோ கூட்டியும் சொன்னதில்ல, கொறச்சும் சொன்னதில்ல. குப்பத்துக்காரங்களே ஒங்க பேரத்தான் சொன்னாங்க. ஒரு சேர் போடறோம். குந்திக்கினு சொன்னா போதும்."

சேர் என்றதால்தான் ஒத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு சேரில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு கேட்க வேண்டுமானால் பாடுகிறவன் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டாம் பாதியில் எழுந்து கோட்டோரம் நின்றேன். அடுத்த ஞாயிறு, பாடிப் போகிறவன் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பாய்ந்தபோது என் காலும் தானாக நகர்ந்தது. அவன் முன்னேறினால் நான் முன்னேற வேண்டும், நடுக்கோட்டுக்குத் திரும்பினால் நானும் திரும்ப வேண்டும். ஏரியில் கழி ஊன்றிப் படகு தள்ளுகிற அந்தக் குப்பத்துப் பையன்களுக்கு மூச்சு கயிறு மாதிரி நீளும். அது எங்கே அறுகிறது என்று காதால் பிடித்துக்கொண்டே கூட ஓடுவதில் ஒரு ருசி இருந்தது. இதயம், மாத்திரை, தழும்பு எதுவும் ஞாபகத்தில் இல்லை. இருட்டி, கோடு தெரியாமல் போன பிறகுதான் என் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்தேன். நல்ல வேர்வை. அன்றைக்கு ராத்திரி படுத்ததுதான் தெரியும்.

சாப்பிடும்போது எஸ்தரிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். அவள் குழம்பு ஊற்றியபடி கேட்டாள். நான் சேரில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நானும் அதைத் திருத்தவில்லை.

ஒரு கோடை ஞாயிறு, ஜேம்ஸின் குழந்தைக்கு ஞானஸ்நானம். மதியம் பிரியாணி. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்வதற்குள்ளேயே பொட்டலுக்குப் போனேன். ஆட்டம் சூடாக இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் ஓடித் திரும்பியபோது அந்தப் பழைய முழங்கால் மறுபடியும் நெஞ்சில் ஊன்றியது. உட்கார்ந்தேன். சட்டைப் பையில் இருந்த சின்ன மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன். குழாய்களைச் சற்று விரியவைத்து வலியை இறக்கும் மாத்திரை அது. அதை விழுங்கக் கூடாது, நாக்குக்கு அடியிலேயே கரைய வேண்டும். வலி இறங்கியது. ஆனால் ஏழுமலையின் முகத்தில் ரத்தம் இல்லை. குப்பத்துப் பையன்களும் எங்கள் ஊர்ப் பையன்களும் சேர்ந்து என்னைத் தூக்கினார்கள். அன்றைக்கு யாரும் சண்டை போடவில்லை.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே பசை, அதே ஊசிக்கோடு. ஏழுமலை வாசலிலேயே நின்றான், உள்ளே வர அவனுக்குத் தைரியமில்லை. வரும் வழியிலேயே அவன் எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நான் சேரில் உட்காரவில்லை என்பது உட்பட.

டாக்டரம்மா பழைய காகிதத்தையும் புதிய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புதிதாக எதுவும் காயவில்லை என்றார். குழாய் அடைக்கவில்லை, கேட்ட அளவுக்கு ரத்தம் வந்துசேராமல் தசை முனகியிருக்கிறது, அவ்வளவுதான். எதற்கும் சில நாட்கள் வைத்துப் பார்க்கலாம் என்றார். பிறகு எஸ்தரைப் பார்த்தார். நான் ஆட்டத்துக்குப் போகக் கூடாது என்று அவரைச் சொல்லச் சொல்லி எஸ்தர் கேட்பாள் என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்திருப்பார்.

எஸ்தர் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பேசினாள்.

"டாக்டரம்மா, இவரு ஊட்ல உக்காந்துக்கினு இருந்தப்ப என்னாண்ட பேசவே மாட்டாரு. செவுத்தப் பாத்துக்கினு இருப்பாரு. உசுரோட இருக்காரு, அது போதும்னு நானும் இருந்தேன். ஞாயித்துக்கெழம போய்ட்டு வந்தா சாப்புடறப்ப பேசறாரு, சிரிக்கிறாரு. பொய் சொல்லிட்டுதான் போனாரு, அத நான் ஊட்ல போய்க் கேட்டுக்கறேன். நிறுத்தச் சொல்லி நான் கேக்க வரல. உசுருக்கு மோசம் இல்லாம எப்டிப் போறது, அத மட்டும் சொல்லுங்க."

டாக்டரம்மா காகிதங்களைக் கீழே வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்து எஸ்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வார்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வாரத்துல ஆறு நாள் ஸ்டூல்ல உட்கார்ந்துட்டு ஏழாவது நாள் ஓடறார் பாருங்க, அதுதான் ஆபத்து" என்றார். "ஞாயித்துக்கிழமை ஓடணும்னா மத்த ஆறு நாளும் அதுக்காகத் தயார் பண்ணணும். தினமும் நடக்கணும். மெதுவா ஆரம்பிச்சு, வேகமாக்கி, மெதுவா முடிக்கணும். வயித்த நிரப்பிட்டு வெயில்ல போகக் கூடாது. நெஞ்சு லேசா இறுக்கினாலும் அந்த இடத்துலயே நிக்கணும். இதெல்லாம் சரியா வந்தா மூணு மாசம் கழிச்சு என்கிட்ட வாங்க. மாடி ஏறிக் காட்டுங்க. அப்புறம் ஆட்டத்துக்கு நானே சீட்டு எழுதித் தரேன்."

அந்த மூன்று மாதமும் ஒரு காலையையும் நான் விடவில்லை. அதே ரோடு, அதே லாரிப் புகை, அதே டீக்கடை. ஆனால் இப்போது எங்கே என்று கேட்டவருக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு என்று சொல்ல முடிந்தது. அவருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்தது. சோம்பலாக இருக்கும் காலையில், குப்பத்துப் பையன் ஒருவன் கோட்டை நோக்கித் திரும்பும் வேகத்தை நினைத்துக்கொள்வேன். அந்த வேகத்துக்கு நான் போய்ச் சேர வேண்டும். முதலில் செக்போஸ்ட் வரை, பிறகு அதைத் தாண்டி, பிறகு ஏரிக்கரை வரை. குளிக்கத் தண்ணீர் நானே இறைத்துக்கொண்டேன். எஸ்தர் கையைக் கட்டிக்கொண்டு தூணருகே நிற்பாள், தடுக்க மாட்டாள். வெங்கடேசுலு சரக்கோடு வரும்போதெல்லாம் என்னைப் பார்த்து, "நைனா, இப்ப நீ லாரிய முந்துவே போலக்குது" என்பார்.

எடை நான்கு கிலோ ஏறிவிட்டது. பயந்துபோய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "ஏறட்டும், இழந்ததுல கொஞ்சம் திரும்ப வருது" என்று சொல்லிவிட்டு மாடிப்படியைக் காட்டினார். நிற்காமல் ஏறினேன். மேலே போய்ப் பேசவும் முடிந்தது. கொஞ்சம் அதிகமாகவே பேசினேன் என்று எஸ்தர் சொன்னாள்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, குப்பத்தில் பந்தயம். சுற்றுவட்டாரத்து டீம்கள் எல்லாம் வந்தன. கடைசி ஆட்டம் எங்கள் ஊருக்கும் குப்பத்துக்கும். ஏரிக்கரை மணலில் கோடு போட்டிருந்தார்கள். எஸ்தரும் முதல் தடவையாக வந்து பெண்கள் பக்கத்தில் நின்றாள். ஆட்டம் முடியும் நேரத்தில் எங்கள் டீம் ஒரே ஒரு புள்ளி பின்னால் இருந்தது. ஏழுமலை பாடிப் போனான். இரண்டு பேரைத் தொட்டான். மூன்றாவது ஆள் அவன் காலைப் பிடித்தான். அவனையும் இழுத்துக்கொண்டே ஏழுமலை கோட்டை நோக்கிப் பாய்ந்தான், நானும் கூடப் பாய்ந்தேன். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது அவன் பாட்டு அறுந்தது. சின்ன இழுப்புதான். அவன் வாய்க்கு அருகில் என் காது இருந்ததால் கேட்டது. மறு நொடி அவன் கை கோட்டைத் தொட்டுவிட்டது.

விசில் ஊதினேன். அவுட் என்று கையைக் காட்டினேன்.

எங்கள் ஊர் முழுவதும் என்மேல் பாய்ந்தது. "ஏ மாசிலாமணி, எந்த ஊர்க்காரன் நீ?" என்று ஒருவர் சட்டையைப் பிடித்தார். எனக்கு மூச்சு நிதானமாக இருந்தது. "பாட்டு அறுந்துது. நான் பக்கத்துல இருந்தேன்" என்றேன். இரண்டாவது தடவையும் அதையே சொன்னேன். மணலில் கிடந்த ஏழுமலை எழுந்து வந்து, சட்டையைப் பிடித்தவரின் கையை எடுத்துவிட்டான்.

"அறுந்துதுதான். உடுங்க" என்றான்.

தோற்ற டீமும் ஜெயித்த டீமும் சேர்ந்து குப்பத்தில் இறால் குழம்பு சாப்பிட்டோம். நான் அளவாகத்தான் சாப்பிட்டேன். பொழுது சாய்வதற்குள் நானும் எஸ்தரும் ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தோம். ஆட்டத்தைப் பற்றி நான் பேசிக்கொண்டே போனேன். கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் அவள் இல்லை. திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னா?" என்றேன்.

"மெதுவாப் போங்க. எனக்கு மூச்சு வாங்குது."

என்னைவிட ஆறு வயது சின்னவள். அந்த மாசங்களெல்லாம் ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குக் கீழேயும், வீட்டில் எனக்குப் பக்கத்திலும் அவளும் காவலாக உட்கார்ந்தேதான் இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் போய் அவளோடு நின்றேன். அவளுக்கு மூச்சு சீராகும் வரை இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காலைல எத்தினி மணிக்குக் கெளம்புவீங்க?" என்று கேட்டாள்.

"அஞ்சரைக்கு."

மறுநாள் நான் எழுந்தபோது அவள் வாசலில் நின்று, என் பழைய செருப்பு ஒரு ஜோடியைக் காலில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பெரிதாக இருந்தது. அன்றைக்கு அதோடுதான் நடந்தோம். சம்பளம் வந்ததும் அவளுக்குப் புதிது வாங்கினேன்.